அடீனியம் புதராக வளர்ந்துவிட்டதா? வெட்டுவது, தொட்டி மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்து பனி குறையத் தொடங்கியதும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்குக் கேள்விகள் வர ஆரம்பிக்கும். பாதிக்கு மேல் அடீனியம் பற்றியே இருக்கும். நர்சரியில் குட்டியாக, குண்டாக, தலையில் நாலு பூவோடு வாங்கி வந்த செடி, மூன்று வருஷத்தில் கொடி மாதிரி நாலு பக்கமும் நீண்டு, நுனியில் மட்டும் கொஞ்சம் இலையும் ஒரு பூவுமாக நிற்கும். வெட்டலாமா, கூடாதா, வெட்டினால் செத்துவிடுமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் சென்னை மாதிரியான சமவெளி ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. மலைப்பகுதிக்குக் கடைசியில் தனியாக ஒரு பதில் இருக்கிறது. அடீனியத்தின் அடியில் பருத்திருக்கும் பகுதியைச் செடி வளர்ப்பவர்கள் காடெக்ஸ் என்பார்கள். வீட்டில் எல்லோரும் கிழங்கு என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

செடி நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வெட்டணும்?

அடீனியம் கிளை நுனியில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டால் இருக்கும் நாலு கிளையும் நீண்டுகொண்டே போகும், ஆனால் நுனி நாலுதான். ஒரு கிளையை வெட்டினால் வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் வரும். நாலு நுனி பத்துப் பன்னிரண்டு நுனி ஆகும். பூவும் அந்தக் கணக்கில் கூடும்.

இன்னொரு காரணம் பாரம். நீண்ட கிளைகள் காற்றில் ஆடி ஆடி வேர்ப்பிடிப்பைத் தளர்த்தும், மாடியில் தொட்டியையே சாய்க்கும். உங்கள் செடி குட்டையாக, அடர்த்தியாக, பூவும் நிறைய இருக்கிறது என்றால் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. யாரோ சொன்னார்கள் என்பதற்காகக் கத்தியை எடுக்காதீர்கள்.

தொட்டி மாத்தணும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் பிதுங்கியிருக்கும். மண் தொட்டி என்றால் விரிசல் விடும். அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கும். மண் இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், அல்லது ஓரமாக வழிந்து நேராக வெளியே ஓடிவிடும். இதில் எது தெரிந்தாலும் மாற்றலாம்.

நர்சரியில் வாங்கி ஒருமுறைகூட மாற்றாத செடி என்றால் இந்த அறிகுறிகளுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். விற்கும்போது பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளிலோ களிமண்ணிலோ வைத்துத் தருகிறார்கள். ஏற்றி இறக்கும்போது உதிராமல் இருக்கும் என்பதால் அவர்களுக்கு அது வசதி. மழைக்காலத்தில் செடிக்கு அதுவே எமன்.

எந்த மாசம் செய்யலாம்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. குளிரில் தூங்கிக் கிடந்த செடி வெயில் ஏறும்போது விழித்துக்கொள்ளும். அப்போது வெட்டின காயம் சீக்கிரம் காயும், துளிரும் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். மே மாதத்திலும் செய்யலாம், ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் புதிதாக வெளியே தெரியும் வேர் வெந்துபோகும், நிழல் கொடுக்க வேண்டியிருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடவே தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் திறந்த காயம் இருந்தால் அழுகல் உள்ளே புகுந்துவிடும். ஜூன், ஜூலையில் மேற்கு மாவட்டங்களில் சாரல் இருக்கும், சென்னையில் வெயில்தான். உங்கள் ஊர் வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மொட்டு நிறைய இருக்கே, இப்ப வெட்ட மனசு வரலையே?

அப்படியானால் வெட்டாதீர்கள். பூத்து முடியட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். ஏப்ரல் கடைசி வரை நேரம் இருக்கிறது. மொட்டு எப்போதுமே இருக்கும், மனசு எப்போதுமே வராது என்றால் ஒரு வழி: பாதிக் கிளைகளை இந்த வருஷம், மீதியை அடுத்த வருஷம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டாத கிளைகள் சத்தை இழுத்துக்கொள்ளும், வெட்டின கிளைகளில் துளிர் மந்தமாகவே வரும். எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டினால்தான் எல்லாம் ஒன்றாகத் துளிர்த்து, ஒன்றாகப் பூக்கும்.

எங்க வெட்டறது, எவ்வளவு வெட்டறது?

கிளையைக் கிட்டத்தில் பாருங்கள். பழைய இலை உதிர்ந்த இடங்களில் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள் கிளையைச் சுற்றிச் சுற்றி ஏறிப்போகும். ஒவ்வொரு தழும்புக்கு மேலும் தூங்கும் மொட்டு ஒன்று இருக்கிறது. வெட்டியதும் மேலே இருக்கும் இரண்டு மூன்று மொட்டுகள் விழித்துக்கொள்ளும். எந்தத் திசையில் புதுக்கிளை வேண்டுமோ அந்தத் திசையைப் பார்த்திருக்கும் தழும்புக்குக் கொஞ்சம் மேலே, அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். செடியின் உள்பக்கம் பார்த்த தழும்புக்கு மேல் வெட்டினால் கிளை உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும்.

அளவு என்று கேட்டால், கிளை கிழங்கிலிருந்து பிரியும் இடத்திலிருந்து மூன்று நான்கு அங்குலம் விட்டால் போதும். பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும், வீட்டில் திட்டு விழும். ஒரே உயரத்தில் கத்தரித்துவிடாமல், நடுக்கிளையைக் கொஞ்சம் உயரமாகவும் ஓரக்கிளைகளைத் தாழ்வாகவும் விட்டால் பிறகு குடை மாதிரி விரியும். ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கிளை, காய்ந்த கிளை, விரல் அளவுகூட இல்லாமல் மெலிந்த கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள்.

வெட்டு சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் தங்காது. மெல்லிய கிளைக்குச் செடி வெட்டும் கத்தரி போதும். கட்டைவிரலைவிடப் பருமனான கிளைக்குக் கத்தரியைப் போட்டு நசுக்காதீர்கள், ஆக்ஸா பிளேடால் அறுங்கள். எதுவானாலும் முதலில் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மறுபடியும் துடைக்க வேண்டும். எல்லோரும் சோம்பல்படுவது இந்த இடத்தில்தான்.

வெட்டினா பால் வடியுதே, அது விஷமாமே?

ஆமாம். அடீனியம் அரளிக் குடும்பம். நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையும் அதே குடும்பம்தான். ஏமனில் இந்தச் செடியைப் பார்த்து முதலில் விவரித்த பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற இயற்கையியலாளர் இதை அரளியின் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். அவர் இறந்த பிறகு 1775-இல் வெளிவந்த நூலில் அப்படித்தான் இருக்கிறது. பிறகுதான் தனியாகப் பிரித்தார்கள். பாலில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்பு முனையில் தடவப் பயன்பட்டது இதுதான்.

கையில் பட்டதும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை கண்ணைத் தேய்க்காதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குழந்தையோ நாயோ பூனையோ கடித்துத் தின்றுவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெட்டிய கிளைகளைத் தெருவோரம் கொட்டாதீர்கள். ஆடு மாடு மேயும் தெருவில் இது பெரிய ஆபத்து. பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள்.

வெட்டின இடத்துல மஞ்சள் தடவலாமா? பட்டைப் பொடி நல்லதுன்னு சொல்றாங்களே?

முதலில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், அல்லது தண்ணீரைத் தெளித்து நிறுத்துங்கள். அப்புறம் எது தடவினாலும் மெல்லிசாகத் தடவினால் போதும். சாஃப் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துத் தடவுவது என் வழக்கம், விவசாய மருந்துக்கடையில் சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கும். அது இல்லையென்றால் மஞ்சளோ பட்டைப் பொடியோ வைக்கலாம், தவறில்லை. ஆனால் காயத்தை ஆற்றுவது பொடி கிடையாது. காற்றும் வெயிலும் ஈரமின்மையும்தான் ஆற்றும். பொடியைப் போட்டுவிட்டு மழையில் வைத்தால் எந்தப் பொடியும் காப்பாற்றாது.

வெட்டறதும் தொட்டி மாத்தறதும் ஒரே நாள்ல செய்யலாமா?

செய்யலாம். பலர் பயப்படுகிறார்கள், ஆனால் அடீனியத்துக்கு இது ஒரு விதத்தில் நல்லதுதான். வேரைக் குறைத்துவிட்டு மேலே இலையை அப்படியே விட்டால், இலை கேட்கும் தண்ணீரை வேரால் தர முடியாது. இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும். பூச்சி தாக்கி மெலிந்திருக்கும் செடிக்கு மட்டும் இந்த இரட்டை வேலை வேண்டாம். அதற்கு முதலில் தொட்டி மாற்றுங்கள். துளிர் வந்து தெம்பான பிறகு வெட்டலாம்.

தொட்டியிலிருந்து வெளியவே வரமாட்டேங்குது, இழுத்தா உடைஞ்சிடுமோ?

ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண் காய்ந்து சுருங்கும், கிழங்கும் இம்மியளவு சுருங்கும். பிறகு தொட்டியைப் படுக்கவைத்து உள்ளங்கையால் நாலு பக்கமும் தட்டுங்கள். நீளமான கத்தியை ஓரமாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். கிளையைப் பிடித்து இழுத்தால் கிளைதான் கையோடு வரும், கிழங்கை அடியோடு பிடியுங்கள்.

வாய் குறுகிய, வயிறு பெருத்த தொட்டியில் வைத்திருந்தால் வேறு வழியில்லை, தொட்டியை உடைக்க வேண்டியதுதான். செடியின் விலையோடு ஒப்பிட்டால் தொட்டி ஒன்றும் பெரிதில்லை.

வேரை வெட்டினா செத்துடாதா?

வெட்டியதால் செத்த அடீனியத்தை நான் பார்த்ததில்லை. வெட்டிய பிறகு ஊற்றிய தண்ணீரில் செத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும். அந்தக் கிழங்கு இருப்பதே தண்ணீர் சேமிக்கத்தான். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் வறண்ட பகுதியிலும் அரேபியாவிலும் மாதக்கணக்கில் மழையில்லாமல் நிற்கும் செடி இது. இரண்டு வாரம் மண்ணே இல்லாமல் நிழலில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

வெளியே எடுத்ததும் பழைய மண்ணை விரலால் உதிர்த்து, மீதியைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடுங்கள். இப்போது வேர் முழுவதும் தெரியும். நூல் மாதிரியான மெல்லிய வேரைப் பாதியளவு கத்தரித்துவிடலாம். தொட்டியின் உட்சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றியிருக்கும் வேரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுத் தொட்டியிலும் அது அந்த வட்டத்திலேயே சுற்றும். நேராகக் கீழே இறங்கும் ஆணிவேரையும் குறைக்கலாம். குறைத்தால் பக்கவேர்கள் பருத்துப் பரவும், அகலமான ஆழம் குறைந்த தொட்டியில் அழகாக உட்காரும். நல்ல வேரின் வெட்டுமுகம் வெள்ளையாக, பால் கசிந்து இருக்கும். பழுப்பாக, ஈரமாக இருந்தால் அது அழுகல். வெள்ளை தெரியும் வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும்.

எல்லா வெட்டிலும் பூஞ்சைக்கொல்லி தடவி, காற்றோட்டமான நிழலில் செய்தித்தாள் மேல் கிடத்துங்கள். மெல்லிய வேர்களை மட்டும் வெட்டியிருந்தால் மூன்று நான்கு நாள் போதும். கட்டைவிரல் பருமன் வேர் வெட்டுப்பட்டிருந்தால் பத்து நாளாவது காய வேண்டும். தொட்டுப் பார்த்தால் வெட்டின முகம் கெட்டியாக, தோல் போர்த்தது போல இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் இன்னும் நேரமாகவில்லை.

மண் கலவை என்ன போடறது?

ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லாக் கணக்கும் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் நிற்கக்கூடாது. நான் போடுவது இது. செங்கல்லை உடைத்து, கொத்துக்கடலை அளவுத் துண்டுகள் இரண்டு பங்கு. பருமணல் இரண்டு பங்கு. மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. உமிக்கரி ஒரு பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள்.

ஆற்றுமணல் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. எம்-சாண்ட் போடலாம், ஆனால் அதில் கல்தூசி நிறைய இருக்கும். அப்படியே போட்டால் சிமென்ட் பூசியது போல இறுகிவிடும். சல்லடையில் சலித்து, தூசியை எறிந்துவிட்டு, மேலே நிற்கும் பருமணலைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிப் பயன்படுத்துங்கள். செங்கல்லையும் அப்படியே, தூளை விட்டுவிட்டுத் துண்டை மட்டும் எடுக்க வேண்டும். தேங்காய் நார்த்தூள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வெயில் நாள் முழுக்க அடிக்கும், மழை படாத கூரை இருக்கும் மாடியில் கொஞ்சம் சேர்க்கலாம். மழை நேராக விழும் இடத்தில் வேண்டாம்.

கலவை சரியா என்று பார்க்கத் தொட்டியில் நிரப்பி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் உடனே இறங்கி அடித்துளை வழியாக ஓட வேண்டும். மேலே நின்றால் செங்கல்லைக் கூட்டுங்கள். இந்தச் சோதனை முடிந்ததும் கலவையைக் காயவைத்துவிட்டுத்தான் நட வேண்டும்.

பெரிய தொட்டியா வாங்கிட்டா அடிக்கடி மாத்த வேண்டாமே?

செடியைவிடப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நிறைய இருக்கும், அது காயவே காயாது. கிழங்கைச் சுற்றி ஒன்றரை, இரண்டு அங்குலம் இடம் இருந்தால் போதும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். சுட்ட மண் தொட்டி ஈரத்தை வெளியே விடும் என்பதால் புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதுதான் நல்லது. அடியில் துளை ஒன்றுதான் இருக்கிறது என்றால் டிரில் போட்டு இன்னும் இரண்டு மூன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் ஜல்லி பரப்புவது ஒரு பழைய பழக்கம். அதனால் வடிகால் கூடுவதில்லை. மண்ணுக்கான ஆழம்தான் குறைகிறது. துளை மேல் ஒரு ஓட்டாஞ்சில்லோ கொசுவலைத் துண்டோ வைத்தால் போதும்.

கிழங்கை எவ்வளவு மேல தூக்கி வைக்கலாம்?

முன்பு மண்ணுக்கு மேல் தெரிந்ததைவிட ஓர் அங்குலம் கூடுதலாகத் தெரியும்படி வைக்கலாம், பெரிய செடியென்றால் இரண்டு அங்குலம். அதற்கு மேல் ஒரே தடவையில் தூக்கினால் செடி ஆடும். மூன்று தடவை தொட்டி மாற்றியதும் படங்களில் பார்க்கிறோமே, வேர்கள் விழுது மாதிரி வெளியே பின்னிக்கொண்டு நிற்கும் உருவம், அது வந்துவிடும்.

இதுவரை மண்ணுக்குள் இருந்த தோல் வெளிறியிருக்கும், வெயில் படாதது. முதல் இரண்டு வாரம் நேர் வெயிலில் வைத்தால் அந்த இடம் வெந்து பழுப்புத் தழும்பாகிவிடும், சில சமயம் அங்கிருந்தே அழுகல் தொடங்கும். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

நட்டதும் தண்ணி ஊத்தணும்ல?

ஊற்றக்கூடாது. ரோஜாவுக்கும் மல்லிக்கும் நட்ட கையோடு ஊற்றிப் பழகிய கை, தானாகவே சொம்பைத் தேடும். காய்ந்த கலவையில் நட்டு, அப்படியே விடுங்கள். ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர், அடித்துளை வழியாக வெளியே வரும்வரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். பிறகு மேலே இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. தினமும் கொஞ்சம் தெளிப்பதுதான் மோசமான முறை.

துளிர் வந்து இலை விரிந்துவிட்டால் கதை மாறும். மே மாத மொட்டைமாடி வெயிலில், மேலே சொன்ன கலவையில், ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்ற வேண்டியிருக்கும். இலை நிறைய இருக்கும் செடி நிறையக் குடிக்கும், மொட்டையாக இருக்கும் செடி குடிக்காது.

தொட்டி மாத்தி பத்து நாள் ஆச்சு, இருந்த இலையும் மஞ்சளாகிக் கொட்டுது. போச்சா?

போகவில்லை. வேர் குறைந்ததால் செடி தானே இலையைக் கழிக்கிறது. கிழங்கை அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் கவலையே வேண்டாம். இலை கொட்டுகிறது என்று தண்ணீரை அதிகமாக ஊற்றாதீர்கள், உரமும் போடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் தொட்டியே மாற்றாத செடியும் இலையுதிர்க்கும், அது அதன் தூக்கம்.

கிழங்கு மெத்துனு இருக்கு, அழுகலா தாகமா?

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். விரலால் சுற்றிலும் அமுக்குங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி லேசாகத் தளர்ந்து, தோல் சுருங்கி, நிறம் மாறாமல் இருந்தால் தாகம். தண்ணீர் ஊற்றியதும் சில நாளில் விறைத்துவிடும். நட்டு ஒரு வாரம் ஆகாத செடி இப்படி இருந்தால்கூட அந்த ஒரு வாரம் முடியும் வரை பொறுங்கள், தாகத்தில் அது சாகாது.

ஓர் இடத்தில் மட்டும் பழுத்த சப்போட்டா மாதிரி விரல் உள்ளே போனால், அந்த இடம் கறுத்தோ பழுத்தோ இருந்தால், மோந்தால் நாற்றம் வந்தால் அழுகல். சந்தேகமாக இருந்தால் குண்டூசியால் குத்திப் பாருங்கள். நல்ல இடத்தில் பால் கசியும், அழுகின இடத்தில் பழுப்புத் தண்ணீர்தான் வரும்.

அழுகிடுச்சு. காப்பாத்த முடியுமா?

பாதிக் கிழங்கு வரை போயிருந்தாலும் முடியும். அன்றைக்கே வெளியே எடுத்து, வேரைப் போலவே வெள்ளை தெரியும் வரை வெட்டுங்கள். பழுப்புப் புள்ளி ஒன்று விட்டாலும் அங்கிருந்து மறுபடி பரவும், பரிதாபம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி தடவி இரண்டு வாரம் நிழலில் காயவைத்து, எரு சேர்க்காத வெறும் செங்கல்-மணல் கலவையில் நடுங்கள்.

அழுகல் கிழங்கின் நடுவழியாக மேலே ஏறிவிட்டால், வெட்டுமுகத்தின் மையத்தில் பழுப்பு வட்டம் தெரியும். எவ்வளவு மேலே போனாலும் அந்த வட்டம் மறையவில்லையென்றால் கிழங்கை விட்டுவிட்டு நல்ல கிளைகளைக் காப்பாற்றப் பாருங்கள்.

வெட்டின கிளை நுனி கறுத்து, கறுப்பு கீழ இறங்குதே?

நுனி கால் அங்குலம் காய்ந்து நின்றுவிட்டால் இயல்பு, தொடாதீர்கள். காய்ந்த பாகம் தானே விழுந்துவிடும். மெத்தென்று ஆகி நாளுக்கு நாள் இறங்கினால் மறுபடியும் கீழே, சுத்தமான இடத்தில் வெட்டி மருந்து தடவுங்கள். மழை வரும் நாட்களாக இருந்தால் கூரைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும்.

வெட்டின கிளையை நட்டு வச்சா வருமா?

வரும். ஆறு அங்குலத் துண்டு, இலையை எடுத்துவிட்டு, நாலைந்து நாள் நிழலில் காயவைத்து, பருமணலில் நட்டால் ஒன்று ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். ஆனால் விதையிலிருந்து வரும் செடிக்கு இருக்கும் அந்தக் குண்டுக் கிழங்கு துண்டிலிருந்து வரும் செடிக்கு அவ்வளவாக வராது. பூவுக்காக வளர்க்கலாம். உருவத்துக்காக வேண்டுமென்றால் விதைதான்.

ரெட்டைக் கொம்பு மாதிரி காய் வந்திருக்கு, அதோட வெட்டலாமா?

விதை வேண்டாம் என்றால் வெட்டிவிடலாம். வேண்டுமென்றால் காய் பழுப்பாகும் வரை அந்தக் கிளையை மட்டும் விட்டுவைத்து, காயை நூலால் சுற்றிக் கட்டுங்கள். கட்டாவிட்டால் ஒருநாள் வெடித்து, இரண்டு முனையிலும் பஞ்சு உள்ள விதைகள் பக்கத்து மாடிக்குப் பறந்துவிடும்.

என்னுது அடுக்குப்பூ ஒட்டுச்செடி. அதையும் இதே மாதிரி வெட்டலாமா?

கவனமாக. கிளையில் ஒரு வளையம் போல, அல்லது ஆங்கில வி எழுத்துப் போல ஒரு தழும்பு இருக்கும். அதுதான் ஒட்டு. அதற்கு மேலே குறைந்தது இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். தழும்புக்குக் கீழே வெட்டிவிட்டால் அடுக்குப்பூ போய்விடும், அடிச்செடியின் சாதாரண ஒற்றைப்பூதான் வரும். பூ நிறம் மாறிவிட்டது, நர்சரியில் ஏமாற்றிவிட்டார்கள் என்று வரும் புகார்கள் நிறைய இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வெட்டிய பிறகு ஒட்டுக்குக் கீழிருந்தும் துளிர் வரும், அதுவும் வேகமாக வரும். விரல் நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் அது ஒட்டுக்கிளையை அமுக்கிவிடும்.

வெட்டி மூணு மாசம் ஆச்சு, இலை தளதளன்னு இருக்கு, பூ மட்டும் வரல?

வழக்கமாக வெட்டியதிலிருந்து 8 முதல் 12 வாரத்தில் மொட்டு வரும். வரவில்லையென்றால் முதலில் வெயிலைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேர்வெயிலாவது வேண்டும். வெளிச்சம் மட்டும் வரும் பால்கனியில் இலைதான் வரும், கிளை மறுபடியும் நீண்டு பழைய கோலத்துக்கே வந்துவிடும்.

வெயில் சரியாக இருந்தால் உரத்தைப் பாருங்கள். தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும். புது இலை விரிந்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு தேக்கரண்டி எலும்புத்தூளும் போதும். அரிசி கழுவின தண்ணீர், வாழைப்பழத்தோல் தண்ணீர், டீத்தூள் எல்லாம் இந்தச் செடிக்கு வேண்டாம். கலவை இறுகும், சின்ன ஈக்கள் மொய்க்கும், ஈரமும் தங்கும்.

துளிர் அழகா வந்துச்சு, ஒரே ராத்திரியில காணோம்!

இலைக்காம்பு மட்டும் நிற்கிறதா, தொட்டிக்குக் கீழே தரையில் கரும்பச்சை உருண்டைகள் கிடக்கின்றனவா? அப்படியானால் அரளிச் செடியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. விரல் நீளம், பச்சை நிறம், வாலில் சின்னக் கொம்பு, தலைக்குப் பின்னால் கண் மாதிரி இரண்டு நீலப் புள்ளி. இலையின் அடியிலேயே தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும், நிறம் ஒத்துப்போவதால் கண்ணில் படாது. டார்ச் அடித்துத் தேடி கையால் எடுத்துவிடுங்கள், ஒரு செடிக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். மருந்து அடிக்கத் தேவையில்லை.

துளிர் சுருண்டு, வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும். போன துளிருக்குப் பதில் அடுத்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும், மறுபடி வெட்ட வேண்டாம்.

அடுத்த தடவை எப்ப?

கிளையை வருஷத்துக்கு ஒருமுறை லேசாக வெட்டினால் போதும், முதல் தடவை மாதிரி மொட்டையடிக்க வேண்டியிருக்காது. தொட்டி இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை.

நாங்க ஊட்டியில இருக்கோம், இங்க இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், ஆனால் நாட்காட்டி வேறு. இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் செடியை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து, தண்ணீரை அறவே நிறுத்திவிடுங்கள். வெட்டுவதையும் தொட்டி மாற்றுவதையும் ஏப்ரலில் வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் மழைக்கு முன் காயம் ஆறிவிட வேண்டும். சமவெளிக்குச் சொன்ன காயவைக்கும் நாட்களை இரட்டிப்பாக்குங்கள், முதல் தண்ணீரையும் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். துளிர் மெதுவாகத்தான் வரும். மழை தொடங்கியதும் பாலித்தீன் கூரையோ கண்ணாடி வராந்தாவோ இருந்தால் செடியை அங்கே நகர்த்திவிடுங்கள்.